‘வெள்ளம்’ என்ற சொல்லுக்குச் சான்று கோரும் மனு

அனுப்புநர்
ஜெ. ரசலையன், எம்.சி.ஏ., எம்.ஃபில்.,
(முன்னாள் கணினித்துறை விரிவுரையாளர்),
கால்வாய்க்கரை, புதுக்கடை அஞ்சல்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாகர்கோவில்.

பொருள்: கைப்பேசிச் செயலி – ‘கடைமடை’ என்னும் என் செயலியின் பெயர், படம், தொலைபேசி எண் ஆகியவற்றை எடுத்து இயங்கும் போலிச் செயலி – அதனால் ஒருவருக்கு ஏற்பட்ட காயம் – அசல் செயலி நீக்கப்பட்டது – ‘வெள்ளம்’ என்ற சொல்லின் பொருள் குறித்துச் சான்று வழங்கவும் போலியை நீக்க நடவடிக்கை எடுக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. செயலிச் சந்தை நிறுவனத்துக்கு நான் அனுப்பிய புகார்கள், நாள் 21.10.2024, 18.11.2024, 02.01.2025.
2. அந்நிறுவனத்தின் நீக்க அறிவிப்பு, நாள் 09.01.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த ஏழு ஆண்டுகளில் நான் பல அலுவலகங்களுக்குப் பதினான்கு மனுக்கள் எழுதியிருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை என் சொந்தக் குறைகள். என் பெயரைப் பார்த்ததும் உறையை ஓரமாக வைத்துவிடும் பழக்கம் சில இடங்களில் ஏற்பட்டிருப்பதையும் அறிவேன். இந்த மனு அந்த வகையைச் சேர்ந்ததல்ல. கால்வாயின் கடைசியில் நாற்பத்திரண்டு சென்ட் வயல் வைத்திருக்கும் சத்தியபாய் என்பவருக்கு, வரும் ஜூன் மாதம் பேச்சிப்பாறை அணை திறக்கப்படும்போது, தண்ணீர் எப்போது தன் மடைக்கு வரும் என்பது முன்கூட்டித் தெரிய வேண்டும். அதற்குத் தங்களிடமிருந்து ஒரு கடிதம் தேவைப்படுகிறது. அது என்ன கடிதம், ஏன் தேவை என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

2. நான் இம்மாவட்டத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பத்தொன்பது ஆண்டுகள் கணினிப் பாடம் நடத்தியவன். 2018-இல் மாணவர் சேர்க்கை குறைந்தபோது, எனக்கு ஆறு ஆண்டு பின்னால் சேர்ந்த திரு. சிவபிரசாத் துறைத்தலைவராக நிலைத்தார். நான் வீட்டுக்கு அனுப்பப்பட்டேன். அதன் விவரம் என் முந்தைய மனுக்களில் உள்ளது. இங்கே அதைச் சொல்வதற்குக் காரணம், எனக்கு அப்போது நேரம் கிடைத்தது என்பதுதான். அந்த நேரத்தில் ‘கடைமடை’ என்ற செயலியை உருவாக்கினேன். 2019 ஜூன் மாதம் அது செயலிச் சந்தையில் வெளியானது. கட்டணம் கிடையாது, விளம்பரமும் கிடையாது.

3. அதன் வேலை எளிது. அணை திறந்த செய்தி நாளிதழில் வரும். ஆனால் அணையில் திறந்த தண்ணீர் எங்கள் கிளைக் காலின் கடைசி மடைக்கு வந்து சேர மூன்று நாளும் ஆகலாம், ஒன்பது நாளும் ஆகலாம். நடுவில் கரை உடையும், பாசி அடைக்கும், மேலே உள்ளவர்கள் வாழைக்குத் திருப்பிக்கொள்வார்கள். கடைமடைக்காரர் தினமும் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் கரையில் நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவார். அவர் திரும்பிய பின் தண்ணீர் வரும். அவர் மறுநாள் போவதற்குள் பக்கத்து மடைக்காரர் அதை எடுத்துக்கொண்டிருப்பார். இதைத் தவிர்க்க, மாத்தூர்த் தொட்டிப்பாலம் முதல் புதுக்கடை வரை கால்வாய் ஓரம் கடையோ வீடோ வைத்திருக்கும் பதினொரு பேரை நான் ஏற்பாடு செய்திருந்தேன். தங்கள் இடத்தைத் தண்ணீர் தாண்டியதும் அவர்கள் கைப்பேசியில் குரல்பதிவு அனுப்புவார்கள். அது அப்படியே செயலியில் கேட்கும். கீழே ஒரு வரி எழுத்திலும் வரும். இதற்கு வாட்ஸ்ஆப் குழு போதாதா என்று கேட்டவர்கள் உண்டு. வைத்துப் பார்த்தேன். காலை வணக்கப் படங்களுக்கும் கல்யாண அழைப்புகளுக்கும் நடுவே தண்ணீர்ச் செய்தி தேடினால்தான் கிடைத்தது.

4. இந்த மனுவின் மையம் ஒரு சொல் ஆகையால், அது செயலிக்குள் எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். முதலில் நான் ‘நீர் வந்தது’ என்றுதான் எழுதினேன். அதுவே நல்ல தமிழ் என்று நினைத்தேன். செயலியை முதன்முதலாகத் தன் கைப்பேசியில் ஏற்றிக்கொண்ட சத்தியபாய் அன்று மாலையே என்னைக் கூப்பிட்டார். அவர் சொன்னதை மாற்றாமல் தருகிறேன்: “சாறே, நீர் வந்துன்னு போட்டிருக்கேரே, யாருக்கு? எனக்கா? நீர் வந்தா காலு வீங்கும், ஆஸ்பத்திரிக்குல்லா போகணும். காலுல வாறது வெள்ளம். வெள்ளம்னு போடும்.” காலில் நீர் வருவது வேறு, கால்வாயில் வெள்ளம் வருவது வேறு என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. குரல்பதிவு அனுப்பும் பதினொரு பேரும் ‘வெள்ளம்’ என்றுதான் சொன்னார்கள். எழுத்தில் ஒன்றும் குரலில் ஒன்றுமாக இருப்பது சரியல்ல என்று நான் எழுத்தை மாற்றினேன். அந்த மாற்றம் என் கையால் நடந்தது. பின்னால் நடந்தவற்றைக் கருதி இதை மறைக்காமல் பதிவு செய்கிறேன்.

5. இம்மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ‘வெள்ளம்’ என்றால் தண்ணீர் என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மனுநாளில் தங்கள் அலுவலக வராந்தாவில் காத்திருக்கும் ஒருவர் “குடிக்க ஒரு கிளாஸ் வெள்ளம் கிட்டுமா?” என்று கேட்டால், யாரும் மீட்புப் படகை அனுப்புவதில்லை. குவளையைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

6. 2024 ஆகஸ்டில், என் செயலியின் பெயரோடு ஒரு சொல்லைச் சேர்த்து ‘கடைமடை லைவ்’ என்ற வேறொரு செயலி அதே சந்தையில் இருப்பதைக் கண்டேன். முகப்புப் படம் என்னுடையது: பச்சைப் பின்னணியில் பாதி உயர்ந்த மதகு ஷட்டர். அதை என் மனைவி ஷைஜா தாளில் வரைந்து கொடுத்தார்; ஷட்டரின் திருகுசக்கரத்தில் ஒரு கம்பி குறைவாக இருக்கும். போலியிலும் ஒரு கம்பி குறைவு. செயலியைப் பற்றிய அறிமுகம் என் வாசகங்கள். ‘தொடர்புக்கு’ என்ற இடத்தில் என் பெயரும் என் கைப்பேசி எண்ணும். இடப்பட்டியலில் திற்பரப்பு என்பது ‘திற்பறப்பு’ என்று இருந்தது. அது என் தட்டச்சுப் பிழை. 2023-இல் நான் திருத்திவிட்டேன், போலியில் அப்படியே இருக்கிறது. மாணவர்களின் எழுத்துப்பிழைகளைப் பத்தொன்பது ஆண்டு சிவப்பு மையால் சுழித்த நான், என் பிழை நான்கு ஆண்டு கண்ணில் படாமல் கிடந்ததை இப்போது முதல் ஆதாரமாக இணைக்க வேண்டியிருக்கிறது (இணைப்பு 2).

7. போலிச் செயலிக்குக் கால்வாய் ஓரத்தில் யாரும் இல்லை. என் செயலியில் வரும் வரிகளை எடுத்து, இயந்திர மொழிபெயர்ப்பால் ஆங்கிலமாக்கி, மீண்டும் தமிழாக்கி வெளியிட்டது. போன வழியில் ‘வெள்ளம்’ ஆங்கிலத்தில் பேரிடராகி, திரும்பி வந்தபோது ‘வெள்ளப்பெருக்கு அபாயம்’ என்று வந்தது. சிவப்புப் பட்டையும் அபாயச் சங்கொலியும் அவர்கள் சேர்த்தவை. நடுவில் விளம்பரங்கள். செப்டம்பர் மாதம் கால்வாய் பெரும்பாலும் மூடியிருந்ததால் செய்தி குறைவு. நான் இந்த விபரீதத்தை அப்போது கவனிக்கவில்லை. நகல் எடுத்தார்கள் என்ற கோபம் மட்டுமே இருந்தது. உடனே புகார் செய்திருக்க வேண்டும். செய்யாமல், யார் செய்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டே ஏழு வாரம் கழித்தேன்.

8. 17.10.2024 வியாழக்கிழமை. கும்பப்பூ என்னும் இரண்டாம் போகத்துக்கு ஞாறு (நாற்று) பாவிய நேரம். இரண்டு நாளாகத் தூறல் உண்டு. ஆனால் வயலுக்குப் போதாது. பிற்பகல் 3.40-க்கு மாத்தூருக்குக் கீழே தேநீர்க்கடை நடத்தும் ஜெபகனி என்பவரின் குரல்பதிவு வந்தது: “சாறே, வெள்ளம் வந்தாச்சு. நல்ல கனமா வருகு. புதுக்கடைக்கு நாளக்கி காலத்த எட்டும். மடையெல்லாம் தொறந்து வெச்சிருங்கன்னு சொல்லும்.” நான் கீழே எழுதிய வரி: ‘மாத்தூர் தாண்டி வெள்ளம் வந்தாச்சு. புதுக்கடை கிளைக்கு நாளை காலை எட்டும்.’ ஆறு நிமிடம் கழித்துப் போலிச் செயலி வெளியிட்டது: ‘மாத்தூரைக் கடந்து வெள்ளப்பெருக்கு அபாயம். புதுக்கடையைத் தாக்கும். உடனடியாக வெளியேறவும்.’ இரண்டின் படங்களும் இணைப்பு 3-இல் உள்ளன.

9. சத்தியபாயின் மகன் ஷிபு ஷார்ஜாவில் குளிர்சாதன வேலை செய்கிறார். தாய் சொல்லித்தான் ‘கடைமடை’யைத் தேடியிருக்கிறார், சந்தையில் முதலில் தென்பட்டதை ஏற்றிக்கொண்டார். அது போலி. சங்கொலி கேட்டதும் தாயைக் கூப்பிட்டார். அந்த உரையாடலைத் தாய் மருத்துவமனையில் என்னிடம் ஒரு முறையும், மகன் தொலைபேசியில் ஒரு முறையும் சொன்னார்கள். இருவர் சொன்னதும் ஒன்றுக்கொன்று பொருந்துவதால் இங்கே தருகிறேன்.

மகன்: “அம்மே, வெள்ளம் வருகாம். வேகம் வீட்ட விட்டு எறங்குங்க.”
தாய்: “வரட்டு மக்கா. நல்லதுல்லா. ஞாறு வாடிக் கெடக்கு.”
மகன்: “நான் சொல்லுகது மனசிலாகலியா? வெள்ளம்! வெள்ளம்!”
தாய்: “மனசிலாச்சு பிள்ளே, வெள்ளந்தானே. நீ எதுக்கு அங்ஙன இருந்து கெடந்து விளிக்கே? இந்தா எறங்கியாச்சு.”

10. அவர் சொன்னபடியே இறங்கினார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கி, மடையைத் திறந்து வைக்கப் போனார். மகன் ‘எறங்குங்க’ என்றது வீட்டைவிட்டு ஓட. தாய் கேட்டது வயலுக்கு இறங்க. மகனும் அதே ஊரில் பிறந்து அதே சொல்லால் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்தான். ஆனால் அவர் கையில் இருந்தது சிவப்புப் பட்டையில் எழுதிய நல்ல தமிழ். நான்கு நிமிடம் பதினாறு நொடி பேசியிருக்கிறார்கள். இருவரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்.

11. மறுபடி கூப்பிட்டபோது தாய் எடுக்கவில்லை. கைப்பேசி வீட்டில் இருந்தது. ஷிபு, பக்கத்து வீட்டில் டெம்போ ஓட்டும் ஸ்டெனி என்பவரைக் கூப்பிட்டு அழுதிருக்கிறார். அதற்குள் அந்த வரிசையில் மூன்று வீடுகளில் போலிச் செயலியின் சங்கு ஊதிவிட்டது. ஸ்டெனியும் இன்னும் இருவரும் வயலுக்கு ஓடி, “சித்தி, கரையேறும், கரையேறும்!” என்று கூவியிருக்கிறார்கள். அவர் வர மறுத்தார். “எலே ஸ்டெனி, ஒனக்குப் பிராந்தா? மட தொறந்து தீரல்ல” என்று சொன்னதாக ஸ்டெனியே கூறுகிறார். அவர்கள் நல்லெண்ணத்தில் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கால்வாய்க்குக் குறுக்கே போட்டிருந்த தென்னந்தடிப் பாலத்தில் ஏறினார்கள். தூறலில் தடி வழுக்கியது. சத்தியபாய் கால்வாய்க்குள் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அவரைச் சுமந்து வெளியே எடுத்தபோது அந்தக் கால்வாயில் தண்ணீர் ஸ்டெனியின் கணுக்கால் அளவுக்கு இருந்தது. கூடுதலாக இருந்திருந்தால் அடி இவ்வளவு படாமல் இருந்திருக்கலாம் என்றார் எலும்பு மருத்துவர்.

12. ஜெபகனி சொன்ன தண்ணீர் மறுநாள் காலை ஏழு மணிக்குச் சரியாக வந்தது. பாதி திறந்த மடை வழியே பாதி வயலுக்குப் பாய்ந்தது.

13. விபத்து நடந்த மாலையும் மறுநாளும் எனக்கு நூற்று எழுபதுக்கு மேல் அழைப்புகள் வந்தன; போலியில் இருந்தது என் எண். காவல் நிலையத்திலிருந்தும் அழைத்தார்கள். அங்கே என்னை நாற்காலியில் உட்காரவைத்து, மரியாதையாகத்தான் விசாரித்தார்கள். இரண்டு செயலிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். “ரெண்டும் ஒண்ணுதானே சார்” என்றார் எழுதிக்கொண்டிருந்தவர். இனி அபாய அறிவிப்பு எதுவும் வெளியிட மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். நான் ஒருபோதும் வெளியிடாத ஒன்றை இனி வெளியிட மாட்டேன் என்று கையெழுத்திட்டேன்.

14. போலிச் செயலியின் கருத்துப் பகுதியில் ஊர்க்காரர்கள் எழுதியவற்றில் மூன்று:
“ரசலையன் சாறே, இத ஒமக்கு ஆராக்கும் சொல்லித் தந்தது? சங்கு கேட்டு எங்க ஆடு கயறறுத்துப் போச்சு. இன்னும் வரல்ல.”
“வெள்ளமும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. வாத்தியாரு வேல போனதுக்கு ஊரப் பழி வாங்குகாரு.”
“மிகவும் பயனுள்ள செயலி. ஐந்து நட்சத்திரம்.” இந்த மூன்றாமவர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும்.

15. 21.10.2024 அன்று செயலிச் சந்தைக்கு முதல் புகார் அனுப்பினேன். அந்தப் புகாரில், போலியைச் செய்தவர் என் பழைய சகாவான திரு. சிவபிரசாத்தாக இருக்கலாம் என்று எழுதியிருந்தேன். கல்லூரி விழா ஒன்றில் ‘மாவட்டத்துக்குப் பயன்படும் ஐந்து செயலிகள்’ என்று அவர் பேசிய பட்டியலில் போலி இருந்தது, அசல் இல்லை என்பதே என்னிடம் இருந்த ஒரே ஆதாரம். அது ஆதாரமல்ல. அவரும் சந்தையில் முதலில் தென்பட்டதை எடுத்திருக்கிறார், அவ்வளவே. அந்தக் குற்றச்சாட்டை இம்மனுவின் வழியாகத் திரும்பப் பெறுகிறேன். பதவி உயர்வு குறித்த என் கருத்தைத் திரும்பப் பெறவில்லை.

16. அப்புகாருக்கு வந்த பதில், பெயரைப் பதிவு செய்த வணிகச் சான்று இருந்தால் அனுப்பவும் என்பது. கடைமடை என்பது ஒரு பொதுச்சொல். அதை நான் எனக்கென்று பதிவு செய்திருக்கவில்லை. இரண்டாவது புகாருக்கு வந்த பதில், எதிர்த்தரப்பின் முகவரிக்கு நேரடியாக எழுதித் தீர்த்துக்கொள்ளவும் என்பது. போலியின் பக்கத்தில் ஒரு நிறுவனப் பெயரும், திற்பரப்பு அருவிச் சாலையில் ஒரு கதவு எண்ணும் இருந்தன. பதிவஞ்சல் திரும்பி வந்ததால் 2024 டிசம்பர் 11 அன்று நானே பேருந்தில் போனேன். அந்த எண்ணைத் தேடி அருவி வாசல் வரை இரண்டு முறை நடந்தேன். குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெயும் துண்டும் விற்கும் பிரிஜா என்ற பெண்ணிடம் தாளைக் காட்டினேன். அவர் தன் தார்ப்பாய்க் கடையைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கதவு நம்பரா சாறே? இஞ்ச கதவே இல்லியே.” போலிச் செயலியின் முகவரி குறித்து எனக்குக் கிடைத்த முழு விவரம் இதுவே.

17. மூன்றாவது புகாரில், இரு செயலிகளின் வாசகங்களையும் வரிக்கு வரி வைத்து, போலி பொய்யான அபாய அறிவிப்பு வெளியிடுகிறது என்று விளக்கினேன். ஏழாம் நாள் பதில் வந்தது. அரசின் அனுமதியின்றிப் பேரிடர் அறிவிப்பு வெளியிடும் செயலி என்று கண்டறிந்து நீக்கிவிட்டதாக அதில் இருந்தது. நீக்கப்பட்டது என் செயலி. போலி, தன்னைப் ‘பொழுதுபோக்கு’ என்ற பிரிவில் பதிவு செய்துகொண்டிருப்பதால் அந்த விதி அதற்குப் பொருந்தாதாம். என் செயலியை ஏற்கெனவே வைத்திருந்தவர்களின் கைப்பேசியில் ‘இது தீங்கானது, நீக்கவும்’ என்று எச்சரிக்கை வந்தது, பெரும்பாலோர் நீக்கினார்கள். சத்தியபாயின் கைப்பேசியில் இருந்த அசலை, சங்கு ஊதியது அதுதான் என்று நினைத்து, மருத்துவமனையிலேயே ஸ்டெனி நீக்கியிருந்தார். இரண்டிலும் ஒரே ஷட்டர். அவரைக் குறை சொல்ல முடியாது.

18. நீக்கத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்தபோது இரண்டு வழிகள் தரப்பட்டன. ஒன்று: செயலியில் எல்லா இடத்திலும் ‘வெள்ளம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘நீர்’ என்று மாற்றி, குரல்பதிவுகளையும் நீக்கினால் மீண்டும் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டு: அச்சொல் இங்கே பேரிடரைக் குறிக்காது என்று உரிய அரசு அதிகாரியின் முத்திரையிட்ட கடிதம் கொடுத்தால், இருப்பது இருக்கிறபடியே சேர்த்துக்கொள்வார்கள். கெடு 31.05.2025.

19. முதல் வழி பத்து நிமிட வேலை. ஏன் செய்யவில்லை என்று தாங்கள் கேட்பது நியாயம். ஷைஜாவும் கேட்டார். என் காரணங்கள் இவை. குரல்பதிவு இல்லாமல் இந்தச் செயலி இல்லை. கடைமடைக்காரர்களில் பாதிப் பேர் வாசிப்பதில்லை, கேட்கிறார்கள். குரல் அனுப்புகிறவர்களை ‘நீர்’ என்று சொல்லப் பழக்க முடியாது. பழக்கினாலும், நான் சொல்லை மாற்றியதும் அந்த மாலைப்பொழுதின் பிழை அவர்களுடையது என்று ஆகிவிடும். ஏற்கெனவே பதினொரு பேரில் எழுவர் நின்றுவிட்டார்கள். ஜெபகனி சொன்னார்: “சாறே, இப்பம் வெள்ளம்னு வாயத் தொறந்து சொல்லவே பேடியா இருக்கு. கடையில ஒருத்தன் கேட்டான், நான் கிளாஸ மட்டும் நீட்டினேன்.” அவர் சொன்னது சரியான செய்தி. சரியான நேரத்தில் சொன்னார். தண்ணீரும் அவர் சொன்னபடி வந்தது.

20. இரண்டாவது வழிக்காக, பிப்ரவரியில் இ-சேவை மையத்துக்குச் சென்றேன். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகியவற்றுக்குச் சான்று கேட்கலாம், சொல்லுக்குச் சான்று கேட்கப் பிரிவு இல்லை என்று அங்கிருந்த பெண் கணினியில் தேடிப்பார்த்து வருத்தத்துடன் சொன்னார். அதனாலேயே தங்களுக்கு நேரடியாக எழுதுகிறேன்.

21. இப்போதைய நிலை: என் செயலி நின்றதும் போலிக்கு எடுக்க எதுவும் இல்லாமல் போயிற்று. அது பழைய வரிகளையே மாற்றி மாற்றிப் போடுகிறது. 2025 பிப்ரவரி 20 அன்று, கால்வாய் வறண்டு பிள்ளைகள் அதற்குள் பந்து விளையாடிக்கொண்டிருந்தபோது, புதுக்கடையை வெள்ளம் தாக்கும் என்று சங்கு ஊதியது. ஒருவரும் தலை நிமிரவில்லை. பேரிடர் மேலாண்மைக்குத் தலைமை வகிக்கும் தாங்கள் இதைத் தனியே கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மழைக்காலத்தில் மெய்யாகவே அணை நிரம்பி மறுகால் பாய்ந்து, தங்கள் அலுவலகமே அறிவிப்பு வெளியிட்டாலும், இனி எங்கள் பகுதியில் முதலில் சிரிப்பார்கள்.

22. சத்தியபாய்க்கு வயது அறுபத்திரண்டு. இடுப்பில் தகடு வைத்திருக்கிறார்கள். ஊன்றுகோலோடு முற்றம் வரை வருகிறார். கரையில் இரண்டு கிலோமீட்டர் நடந்து போய்த் தண்ணீரைப் பார்த்து வர இனி அவரால் ஆகாது. முன்பு இந்தச் செயலி அவருக்கு ஒரு வசதி. இப்போது அதைத் தவிர வேறு வழி கிடையாது. கன்னிப்பூ என்னும் முதல் போகத்துக்கு ஞாறு பாவ ஆள் பேசி வைத்திருக்கிறார் என்று ஸ்டெனி சொன்னார். தண்ணீர் வரும் நாள் முன்பே தெரிந்தால், மடை திறக்க ஸ்டெனியைப் பிடித்து நிறுத்தலாம். தெரியாவிட்டால் அவர் டெம்போவில் எங்கேயோ இருப்பார். வயலைத் தரிசாகப் போட்டுவிட்டுத் தன்னோடு வரச் சொல்லி ஷிபு கேட்கிறார். இந்தப் பூவும் தவறினால் போய்விடுவார் என்று நினைக்கிறேன்.

23. அவர் என்னிடம் பேசுவதில்லை. மருத்துவமனையில் கடைசியாகச் சொன்னது: “சாறே, நான்தான் வெள்ளம்னு போடச் சொன்னேன். இனி நீரு ஒண்ணும் போட வேண்டாம்.” அவர் ‘நீரு’ என்றது என்னைத்தான் என்றாலும், சற்று நேரம் எனக்கு அது வேறு விதமாகவும் கேட்டது. தவறு தன்னுடையது என்று அவர் நினைக்கிறார். அது அவருடையதல்ல என்று ஓர் அரசுக் கடிதம் சொன்னால் மட்டுமே ஏற்பார். நான் சொல்லி ஏற்கவில்லை.

24. ஆகவே தாங்கள் அன்புகூர்ந்து,

(அ) ‘கன்னியாகுமரி மாவட்டத்தின் பேச்சுவழக்கில் வெள்ளம் என்பது தண்ணீரைக் குறிக்கும், கால்வாயில் வெள்ளம் வந்தாச்சு என்பது பாசன நீர் வந்து சேர்ந்ததைக் குறிக்கும்’ என்று தங்கள் கையொப்பமும் அலுவலக முத்திரையும் கொண்ட ஒரு கடிதத்தை 31.05.2025-க்கு முன் வழங்குமாறும்,

(ஆ) அக்கடிதத்தின் நகல் ஒன்றைத் திருமதி சத்தியபாய் அவர்களுக்கு அனுப்புமாறும்,

(இ) ‘கடைமடை லைவ்’ என்ற போலிச் செயலியை நீக்கவும், அதை நடத்துவோரைக் கண்டறியவும் இணையவழிக் குற்றப் பிரிவுக்கும் மத்திய அரசின் உரிய துறைக்கும் பரிந்துரைக்குமாறும்,

(ஈ) காவல் நிலையத்தில் நான் எழுதிக் கொடுத்த உறுதிமொழி, பாசன நீர்ச் செய்தியைக் கட்டுப்படுத்தாது என்று தெளிவுபடுத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இவற்றில் ஒன்றை மட்டுமே செய்ய இயலுமெனில், (ஆ)-வைச் செய்யவும்.

25. கடிதம் வரும்வரை நான் சும்மா இருக்கப் போவதில்லை என்பதையும் தெரிவிக்கிறேன். ஜூன் மாதம் அணை திறந்த நாள் முதல் தினமும் காலையில் நானே கரையில் நடந்து போய்ப் பார்ப்பேன். தண்ணீரைக் கண்டதும் திரும்பி வந்து, சத்தியபாய் வீட்டு வேலிக்கு இப்புறம் நின்று சொல்வேன். அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. பதினொரு பேர் செய்த வேலையை ஒருவன் செய்வது சரியான ஏற்பாடல்ல. எனக்கு முழங்கால் வலியும் உண்டு. ஆனால் வேலியருகே நின்று ‘நீர் வந்தது’ என்று சொல்ல மாட்டேன். ‘வெள்ளம் வந்தாச்சு’ என்றுதான் சொல்வேன். அரசு அலுவலகத்துக்கு எழுதும் தாளில் இதை முன்கூட்டியே பதிவு செய்துவைக்கிறேன்.

கால்வாயின் கடைசி மடையிலிருந்து, தங்கள் கடிதத்துக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
ஜெ. ரசலையன்

இடம்: புதுக்கடை
நாள்: 12.05.2025

இணைப்புகள்:
1. ‘கடைமடை’ செயலியின் 2019-ஆம் ஆண்டு வெளியீட்டு விவரம்.
2. இரு செயலிகளின் முகப்புப் படங்களும், ‘திற்பறப்பு’ என்ற பிழையுள்ள பக்கமும்.
3. 17.10.2024 அன்று இரு செயலிகளிலும் வந்த செய்திகளின் படங்கள்.
4. செயலிச் சந்தையுடன் நடந்த கடிதப் போக்குவரத்து.
5. ஜெபகனியின் குரல்பதிவு, குறுந்தகட்டில். (பதினான்கு நொடிகள். தாங்களே ஒரு முறை கேட்க வேண்டுகிறேன். கேட்டால் பயம் வராது.)